விராட் ஓய்வுபெற்றது எந்த நாளில்?

ஐ.என்.எஸ். விராட் விமானந்தாங்கிக் கப்பல் எப்போது ஓய்வுபெற்றது என்று கேட்டால் எல்லாரும் ஒரே தேதியைத்தான் சொல்வார்கள்: 2017 மார்ச் 6. மும்பையில் சூரியன் மறையும் வேளையில் கொடி இறக்கப்பட்டது. மறுநாள் நாளிதழ்களில் அந்தப் படம் வந்தது. ஏடுகளிலும் அதே தேதிதான் பதிவாகியிருக்கிறது. எனக்கு இந்தத் தேதி நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. கொடி இறங்கிய அந்த மாலையில் விராட்டுக்குள் கொதிகலன்கள் இல்லை. எஞ்சின்கள் இல்லை. புரொப்பெல்லர்களும் சுக்கான்களும்கூட இல்லை. அவையெல்லாம் நான்கைந்து மாதங்களுக்கு முன்பே கொச்சியில் கழற்றப்பட்டுவிட்டன.

நடந்தது இதுதான். 2016 ஜூலை 23 அன்று விராட் மும்பையிலிருந்து தன் சொந்த நீராவியில் புறப்பட்டுக் கொச்சிக்குப் போனது. அங்கே டிரை டாக்கில், அதாவது தண்ணீரை வடித்துக் கப்பலின் அடியில் வேலை செய்யும் தொட்டியில் ஏற்றி, உள்ளிருந்த உந்துபொறிகளை எடுத்தார்கள். அக்டோபர் 23 அன்று இழுவைப் படகுகள் அதைக் கொச்சியிலிருந்து இழுத்துக்கொண்டு கிளம்பி, 28ஆம் தேதி மும்பையில் சேர்த்தன. 1959இல் பிரிட்டிஷ் கடற்படையில் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற பெயரில் சேர்ந்து, 1982இல் ஃபாக்லாந்துப் போரில் முதன்மைக் கப்பலாக நின்று, 1987 மே 12 அன்று விராட் என்று பெயர் மாறி இந்தியக் கொடியின் கீழ் வந்த கப்பல் தானாக ஓடிய கடைசிப் பயணம் அந்த ஜூலைப் பயணம்தான். என்னைக் கேட்டால் விராட் ஓய்வுபெற்றது அன்றைக்குத்தான். அடுத்த மார்ச்சில் நடந்தது அதன் அறிவிப்பு.

ஓய்வுபெறப்போகும் கப்பலை எதற்காக டிரை டாக்கில் ஏற்ற வேண்டும் என்று தோன்றலாம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு போர்க்கப்பலில் எண்ணற்ற துளைகள் உண்டு. நீராவியைக் குளிர்விக்கும் கண்டென்சருக்குக் கடல்நீர் எடுக்கும் பெரிய வாய்கள், தீயணைப்புப் பம்புகளின் உறிஞ்சுகுழாய்கள், கழிவுநீர் வெளியேறும் வழிகள், புரொப்பெல்லர் தண்டு உடலைத் துளைத்து வெளியே வரும் இடம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆள் இருக்கும்வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வும் அதைக் கவனிக்க ஒரு கண்ணும் இருக்கும். ஆள் இறங்கியபின் ஒரு வால்வின் கேஸ்கெட் இற்றுப்போனால் போதும், ஓர் இரவில் ஓர் அறை நிரம்பிவிடும். அதனால் அந்தத் துளைகளை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்து அடைக்க வேண்டும். தண்ணீருக்கு வெளியே நின்றால்தான் அதை ஒழுங்காகச் செய்ய முடியும். புரொப்பெல்லரை எடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. இழுக்கும்போது அது தண்ணீரைத் தடுத்து இழுவைப் படகுகளுக்குச் சுமையாகும். நீரோட்டத்தில் தானே சுழன்றால், எண்ணெய் போட ஆளில்லாத தாங்கிகளும் தண்டைச் சுற்றியுள்ள நீரடைப்பும் தேய்ந்து, அந்த வழியாகவே தண்ணீர் ஏறும்.

கப்பல் எப்படி மூப்படைகிறது

கப்பல் ஓர் உடலாக மூப்படைகிறது. அதன் வயதைத் தகட்டின் தடிமனில் அளக்கலாம். ரீஃபிட் எனும் பெரிய பழுதுபார்ப்புக்கு டாக்கில் ஏறியதும் முதலில் நடப்பவற்றில் ஒன்று அல்ட்ராசவுண்ட் கருவியால் அடித்தகடுகளை அளப்பது. பெயின்டைச் சுரண்டி, பசையைத் தடவி, முனையை வைத்தால் மில்லிமீட்டர் கணக்கில் எண் வரும். கட்டிய நாளில் இருந்த தடிமனில் பொதுவாகக் கால்பங்கு கரைந்திருந்தால் அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாக வைப்பார்கள். அரிப்பு அதிகமாக இருக்கும் இடம் கப்பலின் வெளி அடிப்பகுதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அங்கே பெயின்ட் இருக்கிறது. வெண்கலப் புரொப்பெல்லருக்கும் இரும்பு உடலுக்கும் நடுவே கடல்நீரில் ஓடும் மின்னோட்டத்துக்குத் தன்னைப் பலிகொடுக்கும் துத்தநாகக் கட்டிகளும் இருக்கின்றன. உண்மையில் இரும்பு கரைவது உள்ளேதான்: எஞ்சின் அறையின் அடியில் எண்ணெயும் உப்புநீரும் கலந்து தேங்கும் பள்ளங்களில், கொதிகலனுக்குக் கீழே கை எட்டாத மூலைகளில், குளியலறைகளின் தரைக்கு அடியில். வெளியில், நனைந்தும் காய்ந்தும் மாறிமாறி வரும் தண்ணீர் மட்டக் கோட்டில்.

விராட் போன்ற நீராவிக் கப்பலுக்கு இன்னொரு மூப்பும் உண்டு. நான்கு கொதிகலன்கள், 76,000 குதிரைத்திறன், இரண்டு தண்டுகள். கொதிகலனுக்குள் போகும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவி கண்டென்சரில் கடல்நீர்க் குழாய்களின் மேல் பட்டுக் குளிர்ந்து மறுபடி தண்ணீராகிறது. கண்டென்சருக்குள் காற்றழுத்தம் மிகக் குறைவு. ஆகவே அந்த ஆயிரக்கணக்கான குழாய்களில் ஒன்றில் ஊசித்துளை விழுந்தாலும் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே கசியாது, கடல்நீர்தான் உள்ளே உறிஞ்சப்படும். உப்பு கொதிகலனுக்குப் போய்க் குழாய்களின் உட்சுவரில் படியும். படிந்த இடத்தில் வெப்பம் தண்ணீருக்குக் கடக்காமல் குழாயிலேயே தங்கும், குழாய் சிவந்து இளகி ஒருநாள் வெடிக்கும். அதனால்தான் நீராவிக் கப்பலில் தண்ணீரில் உப்பு பார்ப்பது ஓயாத வேலை. கசியும் குழாயைக் கண்டுபிடித்து இரு முனையிலும் அடைப்பான் வைத்து அடைக்கலாம். ஆனால் அடைத்த குழாய்களின் எண்ணிக்கை கூடக்கூடக் கப்பலின் வேகம் குறையும். முதிர்ந்த நீராவிக் கப்பல் மெதுவாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனை இருந்தும் கப்பலைப் பழுதுபார்க்க முடியும், இதை அழுத்திச் சொல்ல வேண்டும். குழாயை அளவெடுத்து வளைக்கலாம். தகட்டை மாற்றலாம். வால்வின் உடலை அச்சில் வார்த்துக் கடைசல் பிடிக்கலாம். பம்பைப் பிரித்துப் புதுத் தாங்கி போடலாம். மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் கொச்சியிலும் இந்த வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன. விராட்டை அந்தக் கைகள் 30 ஆண்டுகள் ஓட்டிக் காட்டின. அப்படியானால் அதை முடித்துவைத்தது எது? அடுத்த ரீஃபிட்டுக்கு ஆகும் செலவு ஒரு பக்கம். அதைவிடக் கனமான காரணமாக எனக்குப் படுவது, அதன் மேல்தளத்தில் இறங்க விமானம் இல்லாமல் போனது. சீ ஹாரியர்கள் விராட்டிலிருந்து கடைசியாகப் பறந்தது 2016 மார்ச் 6 அன்று. அந்த ஆண்டு மே மாதம் கோவாவின் கடற்படை விமானத்தளமான ஐ.என்.எஸ். ஹன்சாவில் அவற்றுக்கு விடைகொடுத்தார்கள். ஜூலையில் கப்பல் கொச்சிக்குப் போனது. அந்த வரிசையைப் பாருங்கள்: முதலில் விமானம், பிறகு கப்பல். சீ ஹாரியருக்கு முடிவு வந்ததோ அதற்கும் 10 ஆண்டுகள் முன்பு, 2006இல் பிரிட்டன் தன்னுடைய சீ ஹாரியர்களை நிறுத்தியபோது. வடிவமைத்த நாடே கைவிட்ட விமானத்துக்குப் பாகம் செய்ய எந்தத் தொழிற்சாலையும் கடை விரித்துக் காத்திருக்காது.

ஹெலிகாப்டர் எப்படி மூப்படைகிறது

இந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த கேள்வி திரும்பியது. விராட்டின் தேதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவனை 2024 ஜூன் 28 அன்று விசாகப்பட்டினத்தில் நடந்த ஒரு விடைபெறல் நிறுத்தியது. அன்று அங்குள்ள கடற்படை விமானத்தளமான ஐ.என்.எஸ். தேகாவில் யூ.எச்.-3எச் ஹெலிகாப்டர்கள் 17 ஆண்டுச் சேவைக்குப் பின் ஓய்வுபெற்றன. அந்த ஆறு ஹெலிகாப்டர்களும் 2007இல் துருப்புகளைக் கரையிறக்கும் கப்பலான ஐ.என்.எஸ். ஜலஷ்வாவோடு சேர்த்து வாங்கப்பட்டவை. ஜலஷ்வா அதற்கு முன் அமெரிக்காவின் யு.எஸ்.எஸ். ட்ரென்டன், 1971இல் சேவையில் சேர்ந்த கப்பல். 2007 ஜூன் 22 அன்று நார்ஃபோக் துறைமுகத்தில் பெயர் மாறியது. ஒரே நாட்டிலிருந்து, ஒரே காலத்தில், ஒன்றுக்கொன்று துணையாக வந்தவை. ஹெலிகாப்டர்கள் போய்விட்டன. கப்பல் சேவையில் தொடர்ந்தது. அதுவும் இரண்டு கொதிகலன்களில் ஓடும் நீராவிக் கப்பல். கொரோனாக் காலத்தில், 2020 ஜூன் தொடக்கத்தில், கொழும்பில் சிக்கிக்கொண்டவர்களில் ஏறத்தாழ 700 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது இதே ஜலஷ்வாதான்.

ஏன் இப்படி? ஹெலிகாப்டர் கப்பலைப் போல ஓர் உடலாக மூப்படைவதில்லை. அதன் ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் தனி வயது, தனி ஏடு. ரோட்டர் பிளேடுக்கு இத்தனை மணி, கியர்பாக்ஸுக்கு இத்தனை மணி, இறங்குசக்கரக் கால்களுக்கு இத்தனை இறக்கங்கள், ரப்பர் குழாய்களுக்குப் பறந்தாலும் பறக்காவிட்டாலும் இத்தனை ஆண்டுகள். பாகத்தைக் கழற்றி வேறு ஹெலிகாப்டரில் மாட்டினால் அதன் லாக் கார்டும் கூடவே போகும். கார்டு தொலைந்தால், பார்வைக்குப் புத்தம்புதிதாக இருந்தாலும் அந்தப் பாகம் குப்பைதான். அது எத்தனை மணி பறந்தது என்று இனி எவரும் உறுதி சொல்ல முடியாது.

சீ கிங் குடும்பத்தைச் சேர்ந்த யூ.எச்.-3எச்சை எடுத்துக்கொள்வோம். இந்த வகை முதலில் பறந்தது 1959 மார்ச்சில், ஹெர்மிஸ் சேவையில் சேர்ந்த அதே ஆண்டு. இரண்டு டி58 எஞ்சின்கள் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 19,000 சுற்றில் ஓடுகின்றன. தலைமேல் இருக்கும் ஐந்து பிளேடு ரோட்டர் சுற்றுவதோ 203 முறை. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே நிற்பது முதன்மைக் கியர்பாக்ஸ். அதன் எண்ணெயில் ஒரு காந்த முனை தொங்கும். பல்சக்கரமோ தாங்கியோ உதிரத் தொடங்கினால் இரும்புத் துகள் அதில் ஒட்டி, விமானிக்கு எதிரே விளக்கு எரியும். கடலுக்கு மேலே அந்த விளக்கு எரிந்தால் செய்யக்கூடியது ஒன்றே: உடனே இறங்க இடம் தேடுவது. தரையில் எண்ணெய் மாதிரி எடுத்து, அதில் எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எந்தப் பாகம் தேய்கிறது என்பதை அது பிரிக்காமலே சொல்லிவிடும். பிளேடின் முதுகெலும்பான உலோகக் குழாய்க்குள் நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்தாலும் வாயு கசிந்து அழுத்தம் குறையும், வேரருகே உள்ள காட்டி நிறம் மாறும். பறப்பதற்கு முன் ஐந்து பிளேடுகளின் காட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்காமல் எந்தத் தொழில்நுட்பரும் கையெழுத்துப் போடமாட்டார். எளிமையும் அறிவும் சேர்ந்த இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனால் அந்தக் காட்டி நிறம் மாறினால் பிளேடை விசாகப்பட்டினத்தில் வார்க்க முடியாது. கியர்பாக்ஸின் பல்சக்கரத்தைக் கடைந்து போட முடியாது. கடைந்துவிடலாம் என்றே வைத்துக்கொண்டாலும், அது எத்தனை மணி தாங்கும் என்று சான்று தருவது யார்? அந்தச் சான்று வடிவமைத்தவரிடம் மட்டுமே இருக்கிறது. கியர்பாக்ஸின் கூடு மக்னீசியக் கலவை. எடைக்கு நல்லது, உப்புக்காற்றுக்குப் பரம எதிரி. எஃகுத் திருகாணி தொடும் இடத்தில் பெயின்ட் உரிந்தால் அங்கேயே வெண்பொடி பூக்கும். ஒவ்வொரு பறத்தலுக்குப் பின்னும் நல்ல தண்ணீரால் உடலைக் கழுவுவதும், எஞ்சினின் கம்ப்ரசருக்குள் தண்ணீர் அடித்து உப்பை நீக்குவதும் இதற்காகவே. அதையும் மீறிக் கூடு கெட்டால் புதுக் கூடு வர வேண்டும். அமெரிக்கக் கடற்படை யூ.எச்.-3எச்சை 2009இல் நிறுத்திவிட்டது. இவற்றை இயக்கிய நம் 350ஆம் படைப்பிரிவு தொடங்கப்பட்டது அதே 2009இல், மார்ச் 24 அன்று. அங்கே கடையை மூடும்போது இங்கே கணக்கைத் திறந்தோம். அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் அவை பறந்தன என்பது அவற்றைப் பேணியவர்களின் பெருமை.

பிரிட்டனில் கட்டிய நம் சீ கிங்குகளுக்கு இந்தப் பாடம் இன்னும் முன்பே வந்தது. 1998 மே மாத அணுச்சோதனைக்குப் பின் அமெரிக்கா தடை விதித்தது. கட்டியது பிரிட்டனின் வெஸ்ட்லேண்ட் நிறுவனம் என்றாலும் அடிப்படை வடிவம் அமெரிக்காவின் சிகோர்ஸ்கி நிறுவனத்துடையது, பல பாகங்கள் அமெரிக்கச் சரக்கு. உதிரிபாகம் நின்றது, ஹெலிகாப்டர்கள் தரையில் நின்றன. அப்போது ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் பறக்கவைப்பதே வழி. கழற்றப்பட்ட ஹெலிகாப்டர் பதிவேட்டில் சேவையில்தான் இருக்கும். ஹேங்கரின் மூலையில் எஞ்சின் இல்லாமல் நிற்கும்.

இதற்கு நேர்மாறான சாட்சி சேத்தக். 1962இல் பிரான்சோடு உரிமம் ஒப்பந்தமாகி, 1965இலிருந்து பெங்களூரில் எச்.ஏ.எல். கட்டிய ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டர் அது. 1972இல் வந்த நம் முதல் நீலகிரிப் போர்க்கப்பலின் ஹேங்கரில் நின்றது இந்த வகைதான். நீலகிரி 1996இல் ஓய்வுபெற்று, 1997 ஏப்ரலில் ஒரு சீ ஹாரியர் ஏவிய சீ ஈகிள் ஏவுகணைக்கு இலக்காகிக் கடலடியில் போய்ச் சேர்ந்தது. அந்தச் சீ ஹாரியரும் போய்விட்டது. சேத்தக் மட்டும் அறுபது ஆண்டுகளைத் தாண்டியது. பாகத்தை நாமே செய்கிறோம் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை. ஆனால் அதனால் ஒலியால் தேடும் சோனார் கருவியைக் கடலுக்குள் இறக்கி நீர்மூழ்கியைத் தேட முடியாது. ஒற்றை எஞ்சினோடு நடுக்கடலில் பறப்பதன் ஆபத்தும் குறையவில்லை.

சேரும் தேதி

சேவையில் சேரும் தேதியிலும் இதே இடைவெளி இருக்கிறது. புதிய விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் கொச்சியில் 2022 செப்டம்பர் 2 அன்று சேவையில் சேர்ந்தது. நிலையான இறக்கை கொண்ட விமானம் அதன் மேல் முதலில் இறங்கியது 2023 பிப்ரவரி 6 அன்று. அமெரிக்காவின் எம்.எச்.-60ஆர் ஹெலிகாப்டர்கள் 24க்கு 2020 பிப்ரவரியில் ஒப்பந்தம். 2021 ஜூலை 16 அன்று சான் டியாகோவில் முதல் இரண்டு ஒப்படைப்பு. 2022 ஜூலையில் கொச்சி வருகை. அவற்றை இயக்கும் 334ஆம் படைப்பிரிவு தொடங்கியது 2024 மார்ச் 6 அன்று. மறுபடியும் ஒரு மார்ச் 6. சாவியை வாங்கியதற்கும் படைப்பிரிவாக நின்றதற்கும் நடுவே இரண்டரை ஆண்டுகளுக்கும் மேல். இதைத் தாமதம் என்று குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அந்த நடுக்காலத்தில் நடக்கும் வேலைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு வகை ஹெலிகாப்டரும் ஒவ்வொரு வகைக் கப்பலில் எந்தக் காற்றில், எவ்வளவு ஆட்டத்தில் இறங்கலாம் என்பதற்கு ஒரு வரைபடம் வேண்டும். காற்று வலமிருந்து, இடமிருந்து, நேர் எதிரிலிருந்து என்று கப்பலைத் திருப்பித் திருப்பி ஓட்டி, ஒவ்வொரு நிலையிலும் இறங்கிப் பார்ப்பார்கள். எஞ்சினில் எவ்வளவு திறன் மிச்சமிருந்தது, வால் ரோட்டர் பெடலில் எவ்வளவு அசைவு மிச்சமிருந்தது என்று குறிப்பார்கள். முன்னால் நிற்கும் ஹேங்கர் சுவர் காற்றைக் கிழித்து டெக்கின் மேல் சுழலாக்கும். புகைபோக்கியின் சூடான காற்றை எஞ்சின் விழுங்கினால் கடைசி நொடியில் திறன் குறையும். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, காலி எடையோடு, முழு எடையோடு. அதற்கு முன்பே டெக் அந்த எடையைத் தாங்குமா, கட்டிவைக்கும் வளையங்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா, மடித்த பிளேடுகளோடு ஹேங்கர் வாசலில் நுழையுமா என்று பார்த்திருக்க வேண்டும்.

கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். எச்.ஏ.எல். உருவாக்கிய துருவ் ஹெலிகாப்டரைக் கப்பல்களில் நிரந்தரமாக ஏற்ற முடியாமல் போனதற்கு இதுவே பெரிய காரணம். பிளேடுகளை மடித்த பின் அகலம் 3.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கடற்படை கேட்டது, துருவ் 5.1 மீட்டரில் நின்றது. இரண்டு ஹெலிகாப்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டிய ஹேங்கரில் அந்த ஒன்றரை மீட்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. பிறகு அதன் மார்க் 3 வடிவம் கரையிலிருந்து பறக்கும் படைப்பிரிவுகளுக்குப் போனது. விசாகப்பட்டினத்தில் 324ஆம் படைப்பிரிவு 2022 ஜூலையில் தொடங்கியது. 2023 மார்ச்சில் மும்பைக்கு அருகே ஒரு துருவ் கடலில் இறங்க நேர்ந்து மூவரும் காப்பாற்றப்பட்ட பிறகு, கட்டுப்பாட்டு அமைப்பிலுள்ள அலுமினியத் தண்டுகளை எஃகுத் தண்டுகளாக மாற்றினார்கள். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் இறந்தனர். ரோட்டர் பிளேடுகளின் கோணத்தை மாற்றும் ஸ்வாஷ் பிளேட் எனும் பாகம் முறிந்திருந்தது தெரிந்ததும் அந்த வகை முழுவதும் தரையிறக்கப்பட்டது. ஒரு பாகம் முறிந்தால் அந்த வகையில் ஒன்றுகூடப் பறக்காது. கப்பலில் இப்படி நடப்பதில்லை. ஒரு கப்பலின் தண்டு வளைந்ததற்காக அதன் சகோதரக் கப்பல்களைத் துறைமுகத்தில் கட்டிப்போட மாட்டார்கள்.

கொடி இறங்கிய பின்

விராட் மும்பையில் மூன்றரை ஆண்டுகள் கிடந்தது. அருங்காட்சியகப் பேச்சுகள் வந்து போயின. கடைசியில் 38.54 கோடி ரூபாய்க்கு ஏலம் போய், 2020 செப்டம்பரில் குஜராத்தின் அலங்குக்கு இழுத்துச் செல்லப்பட்டு, 28ஆம் தேதி கரையேற்றப்பட்டது. அலங்கில் உடைபட வரும் கப்பல்கள் பெரும்பாலும் உயரமான ஓதத்துக்குக் காத்திருந்து, தம் சொந்த எஞ்சினை முழுவேகத்தில் வைத்து மணலில் ஏறிக்கொள்ளும். விராட்டுக்கு அந்தக் கடைசி ஓட்டமும் இல்லை, இழுவைப் படகுதான் கொண்டுபோய் விட்டது. கொச்சியில் கழற்றியதன் விளைவு அது.

தானாக ஓடிய கடைசிப் பயணமும் கொடி இறங்கிய நாளும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்த ஒரு கப்பலும் இருக்கிறது. ஐ.என்.எஸ். கிர்பான், 1991 ஜனவரியில் சேர்ந்த குக்ரி வகைக் கப்பல். 2023 ஜூன் 28 அன்று விசாகப்பட்டினத்திலிருந்து தன் டீசல் எஞ்சின்களில் புறப்பட்டு, ஜூலை 8 அன்று வியட்நாமின் கேம் ரானை அடைந்தது. 22ஆம் தேதி அங்கே இந்தியக் கொடி இறங்கியது. ஆயுதங்கள் எதையும் கழற்றாமல், ஓடும் நிலையிலேயே, அந்நாட்டுக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார்கள்.